காரின் சாட்டிலைட் ரேடியோவை வீட்டிலேயே மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இதில் வரும் இருவரும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருப்பவர்கள். காரின் சொந்தக்காரரை ‘உரிமையாளர்’ என்றும், வேலைக்குக் கைகொடுத்த அவருடைய சித்தி மகனைத் ‘தம்பி’ என்றும் குறிப்பிடுகிறேன். தம்பி மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர். ஆனால் காரின் டேஷ்போர்டைப் பிரித்தது அவருக்கு இதுவே முதல் தடவை. இருவரும் வைத்திருந்த குறிப்புகளையும் எடுத்த படங்களையும் கொண்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதியிருக்கிறேன். காரைத் தயாரித்தது யார் என்று சொல்லவில்லை. இதே அமைப்பு பல கார்களில் உண்டு என்பதால் அது தேவையும் இல்லை.

பின்னணி

கார் 2000களின் பிற்பகுதியில் வந்த ஒரு செடான். ஏஎம், எஃப்எம், சிடி, சாட்டிலைட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ரேடியோ தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. உரிமையாளர் வேலைக்காக வாராவாரம் கொலம்பஸிலிருந்து கிளீவ்லாண்டுக்கு ஐ-71 நெடுஞ்சாலையில் போய்வருபவர். ஒரு வழிக்கு ஏறக்குறைய 140 மைல். நடுவில் வயல்வெளிதான் அதிகம். ஒரு ஊரின் எஃப்எம் மங்கி அடுத்த ஊரின் எஃப்எம் பிடிக்கும்வரை இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் சந்தா கட்டி சாட்டிலைட் ரேடியோ வைத்திருந்தார்.

இந்தச் சேவை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு சாட்டிலைட் ரேடியோ நிறுவனங்கள் இருந்தன. எக்ஸ்எம் 2001லும் சிரியஸ் 2002லும் ஒலிபரப்பைத் தொடங்கின. 2008இல் இரண்டும் இணைந்து சிரியஸ் எக்ஸ்எம் ஆனது. அலைவரிசை 2.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம். எக்ஸ்எம் வகை ரேடியோக்களுக்கான செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. ஆகவே ஒஹாயோவிலிருந்து பார்த்தால் தெற்கு வானத்தில் இருக்கும். உயர்ந்த கட்டடங்கள் வானத்தை மறைக்கும் பெருநகரங்களில், அதே நிகழ்ச்சியைத் தரையிலிருந்தே திரும்ப ஒலிபரப்பும் கோபுரங்களும் உண்டு. இதோடு, ஒரே ஒலி சில வினாடி இடைவெளி விட்டு இரண்டு முறை வந்து சேரும்படி அமைத்திருக்கிறார்கள். கார் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வருவதற்குள் பாட்டு அறுந்துபோகாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

கவனித்தவை

தொடக்கத்தில் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு மேம்பாலத்தின் அடியிலும் நின்றுபோய்த் திரும்ப வந்தது. பிறகு திறந்த வெளியிலேயே அறுந்தது. ஆனால் கிளீவ்லாண்ட் நகரின் நடுவில் தடையில்லாமல் பாடியது. உரிமையாளர் இதைக் குறிப்பில் எழுதிவைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். ‘கட்டடங்களுக்கு நடுவில் நன்றாக வருகிறது, வெட்டவெளியில் வரவில்லை.’

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பயனுள்ள குறிப்பு இந்த ஒரு வரிதான். சாதாரணமாக இது நேர்மாறாக இருக்க வேண்டும். நகரத்தில் கேட்டது தரைக் கோபுரத்திலிருந்து வந்த வலுவான அலை. வெளியில் கேட்காமல் போனது செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய அலை. வலுவான அலை பாடுகிறது என்றால் ரேடியோவுக்குள் அலையிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் பகுதியான ட்யூனர் உயிரோடு இருக்கிறது, சந்தாவும் நடப்பில் இருக்கிறது. மெல்லிய அலையைப் பிடித்துப் பெருக்கித் தரும் ஆன்டெனாவின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும். அன்று அது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கட்டமாக, மழை பெய்த நாள்களில் ‘செக் ஆன்டெனா’ என்று திரையில் வந்தது. வெயில் வந்ததும் போய்விடும். சில மாதங்களில் அந்தச் செய்தி நிரந்தரமாகிவிட்டது. கூரைமேல் இருக்கும் மீன்துடுப்பு வடிவ ஆன்டெனாவுக்கு நேர் கீழே, உட்கூரைத் துணியில் தேநீர் நிறத்தில் ஒரு கறையும் இருந்தது.

இதே சமயத்தில் ரேடியோவின் திரையும் மங்கத் தொடங்கியது. குளிர்காலக் காலைகளில் எழுத்து தெரிவதற்கே பல நிமிடம் ஆகும். சிடி உள்ளே போனால் வெளியே வராது. இரண்டு கோளாறுகள் ஒரே பெட்டியில் தெரிந்ததால், ‘ரேடியோ போய்விட்டது’ என்று உரிமையாளர் ஒரே முடிவாக எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

முதல் முயற்சி: பழைய கார் கிடங்கிலிருந்து வாங்கிய ரேடியோ

அதே மாடல், அதே ஆண்டுக் காரிலிருந்து கழற்றிய ரேடியோ ஒன்று கிடங்கில் மலிவாகக் கிடைத்தது. கனெக்டர்கள் அப்படியே பொருந்தின. ஆனால் மாட்டியதும் திரையில் ‘லாக்ட்’ என்று ஒரே சொல். பாட்டும் இல்லை, பொத்தான்களும் வேலை செய்யவில்லை.

காரணம் திருட்டுத் தடுப்பு. இவ்வகை ரேடியோ, தான் பிறந்த காரின் அடையாள எண்ணை நினைவில் வைத்திருக்கும். வேறு காரில் மாட்டினால் எண் ஒத்துப்போகாது, பூட்டிக்கொள்ளும். காரைத் தயாரித்த நிறுவனத்தின் கண்டறியும் கருவி வைத்திருப்பவர்தான் புது எண்ணைப் பதிய முடியும். அதற்கு டீலர் கேட்ட கட்டணம் ரேடியோவின் விலையைவிட அதிகம். கிடங்கிலோ பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி, அதோடு அந்த வழி முடிந்தது. பூட்டிய ரேடியோவை வைத்து ஆன்டெனாவைச் சோதிக்கவும் முடியவில்லை.

தம்பி செய்த சோதனை

இதற்கு அப்புறம்தான் தம்பி வந்தார். வந்தவர் முதலில் கேட்டது, “அக்கா, ஆன்டெனா வயரைக் கழற்றினா திரையில என்ன வருது?” யாரும் கழற்றிப் பார்த்திருக்கவில்லை.

பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டி, சட்டத்திலிருந்து பாதி வெளியே இழுத்துவைத்தார். பின்புறம் இரண்டு ஆன்டெனா கேபிள்கள். எஃப்எம் கேபிள் ஒன்று. சாட்டிலைட்டுக்கான இன்னொன்றின் முனையில் மங்கிய மஞ்சள் நிற பிளாஸ்டிக் கூடு. கார்களில் இந்தக் கூடுகளுக்கு ஃபக்ரா என்று பெயர். எந்த வேலைக்கு எந்த நிறம் என்று வகுத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நீலம், சாட்டிலைட் ரேடியோவுக்கு இந்தக் கறி மஞ்சள். கூட்டின் உள்வடிவமும் நிறத்துக்கு நிறம் மாறும் என்பதால் மாற்றிச் செருக முடியாது.

மஞ்சள் கூட்டைக் கழற்றினார். திரையில் ‘செக் ஆன்டெனா’. மாட்டினார். அதே செய்தி. கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடியோவுக்கு ஒன்றுதான் என்றால், கேபிளின் அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை என்றே பொருள்.

உறுதி செய்ய, வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை எடுத்தார். சாட்டிலைட் ஆன்டெனாவுக்குள் ஒரு சின்னப் பெருக்கி இருக்கிறது. அதற்குத் தேவையான மின்சாரத்தை அதே கேபிள் வழியாக ரேடியோவே அனுப்புகிறது, ஏறக்குறைய 5 வோல்ட். ரேடியோவின் சாக்கெட்டில், நடு முனைக்கும் வெளிக் கூட்டுக்கும் இடையில் அளந்ததில் 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. ரேடியோ தன் பங்கைச் செய்கிறது. ஆன்டெனாதான் அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நடு முனையும் வெளிக் கூடும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் அளக்க வேண்டும் என்பதைத் தம்பி தன் குறிப்பில் அடிக்கோடிட்டிருக்கிறார்.

எடுத்த முடிவும் காரணங்களும்

ஆன்டெனாதான் கோளாறு என்று தெரிந்ததும், அதை மட்டும் மாற்றினால் போதும் என்று தம்பி வெளிப்படையாகச் சொன்னார். செலவும் குறைவு. ஆனால் திரை மங்கல் அப்படியே இருக்கும். மாட்டிக்கொண்ட சிடியும் இருக்கும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்குக் கைபேசியை ப்ளூடூத் வழியாக இணைக்கும் வசதி வேண்டும் என்பதும் உண்மையான தேவை.

கைபேசி செயலி வழியாகவே சாட்டிலைட் சேனல்களைக் கேட்கலாமே என்ற யோசனையும் வந்தது. அது இணையத்தை நம்பிய ஏற்பாடு. உரிமையாளருக்கு ஐ-71இல் சில இடங்களில் கைபேசிக்கே சிக்னல் இருக்காது. அதனால் ஒதுக்கினார்கள்.

கடைசியில் வெளிச் சந்தையில் கிடைக்கும் ‘இரட்டை டின்’ (DIN) என்ற பொது அளவு ரேடியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். இவற்றுக்குள் சாட்டிலைட் ட்யூனர் இருப்பதில்லை. அதற்கான சாக்கெட் மட்டும் இருக்கும். எஸ்எக்ஸ்வி300 என்ற சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். அந்தப் பெட்டியோடு காந்த அடி வைத்த புது ஆன்டெனாவும் வருகிறது. இதனால் கூரையில் இருக்கும் பழைய ஆன்டெனாவைப் பழுதுபார்க்கும் வேலையே மிச்சம். முடிவை இந்தப் பக்கம் சாய்த்தது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது பொருள் இடைமுகப் பெட்டி. இந்தக் காரில் அதைத் தவிர்க்க முடியாது. சாவியைத் திருப்பினால் உயிர்பெறும் 12 வோல்ட் வயர் இந்த ரேடியோவின் கனெக்டரில் கிடையாது. ‘இப்போது எழுந்திரு’ என்ற செய்தியே தரவு வயர் வழியாக வருகிறது. கதவு திறந்திருந்தால், விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எழும் எச்சரிக்கை மணியும் ரேடியோ வழியாகத்தான் ஒலிக்கிறது. ரேடியோவைத் தூக்கிவிட்டு வேறொன்றை நேரடியாக இணைத்தால் மணி போய்விடும். இடைமுகப் பெட்டி தரவைப் படித்து 12 வோல்ட்டைக் கொடுக்கும், மணியைத் தானே எழுப்பும், ஸ்டீரிங் பொத்தான்களையும் புது ரேடியோவுக்குப் புரியவைக்கும். இத்தோடு முகப்புச் சட்டகம், எஃப்எம் ஆன்டெனா இணைப்பான். மொத்தச் செலவு 500 டாலருக்குக் கொஞ்சம் கீழே. கிடங்கில் போன பணம் இதில் சேரவில்லை.

மேசையில் செய்த வேலை

காரைத் தொடுவதற்கு முன்பே, புது ரேடியோவின் வயர்களையும் இடைமுகப் பெட்டியின் வயர்களையும் வீட்டுக்குள் மேசையில் வைத்து இணைத்தார்கள். நல்ல முடிவு. டேஷ்போர்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சால்டரிங் செய்வது எவருக்கும் உகந்த வேலை இல்லை.

வெளிச் சந்தை ரேடியோக்களின் வயர் நிறங்களுக்கு அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயர் மஞ்சள், சாவியோடு வருவது சிவப்பு, எர்த் கறுப்பு. முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல், பின் இடதுக்குப் பச்சை, பின் வலதுக்கு ஊதா. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று, அது எதிர்முனை. ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் செய்து, சுருங்கும் குழாயால் மூடினார்கள். பயன்படாத வயர்களின் முனையையும் தனித்தனியாக மூடினார்கள்.

கை பிரேக் போட்டிருப்பதை ரேடியோவுக்குச் சொல்லும் வயரைச் சிலர் நேராக எர்த்தில் கொடுத்துவிடுவார்கள், ஓட்டும்போதும் திரையில் வீடியோ வரட்டும் என்று. தம்பி அப்படிச் செய்யாமல் முறையாகக் கை பிரேக் சுவிட்சுக்கே இழுத்தார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஓட்டுபவருக்கு வீடியோ எதற்கு?

நீல வயரின் கதை பின்னால் வருகிறது.

பிரித்தலும் பொருத்தலும்

குளிர் நாள் என்பதால் கராஜில் ஹீட்டர் போட்டு, டேஷ்போர்டு சூடேறும்வரை காத்திருந்தார்கள். குளிரில் பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் உடையும்.

வரிசை முக்கியம். முகப்புப் பலகை வெளியே வர வேண்டுமானால் கியர் நெம்புகோலைக் கீழே இழுத்திருக்க வேண்டும். சாவியும் பிரேக் மிதியும் இல்லாமல் நெம்புகோல் நகராது. ஆகவே கை பிரேக்கைப் போட்டு, நெம்புகோலை இறக்கி, சாவியை அணைத்த பிறகே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார்கள். மாற்றிச் செய்திருந்தால் பேட்டரியை மறுபடி மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஏர்பேக் சுற்றில் தேங்கிய மின்சாரம் வடியும் அளவுக்குக் காத்திருந்து, பிளாஸ்டிக் நெம்பியால் பலகையை எடுத்தார்கள். ரேடியோவைப் பிடித்திருந்தவை 7 மில்லிமீட்டர் போல்ட்டுகள். பலகையின் பின்னால் அபாய விளக்குச் சுவிட்சும், பயணி பக்க ஏர்பேக் நிலையைக் காட்டும் சின்ன விளக்கும் இருந்தன. இந்த விளக்கின் கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை பதிவாகிவிட வாய்ப்புண்டு. ஆகவே நடுவில் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் பலகையைத் தொங்கவிட்டாவது அந்தக் கனெக்டரை மாட்டிக்கொண்டார்கள். மற்றபடி பொருத்தும் வேலையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ட்யூனர் பெட்டியை, அதிராமல் இருக்க நுரைப்பட்டை சுற்றி, கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்கள்.

எஃப்எம் பாடுகிறது, சாட்டிலைட் பாடவில்லை

காரை வெளியே நிறுத்தி, ஆன்டெனாவைத் தற்காலிகமாகக் கூரைமேல் வைத்து ஓடவிட்டார்கள். எஃப்எம் நன்றாகப் பாடியது. சாட்டிலைட்டுக்கு மாற்றினால் ஒலியே இல்லை. “மறுபடியும் அதேதானாடா?” என்று உரிமையாளர் சோர்ந்துபோனார்.

தம்பி ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார். சேனல் 0க்குப் போனதும் ரேடியோ அடையாள எண் திரையில் வந்தது. ட்யூனருக்கும் ரேடியோவுக்கும் இடையே பேச்சு நடக்கிறது. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன. ஆன்டெனா சரி. சேனல் 1, சந்தா இல்லாதவர்களும் கேட்கக்கூடிய மாதிரிச் சேனல். அதில் நிகழ்ச்சியின் பெயர் ஓடியது, ஆனால் சத்தம் இல்லை. சந்தாப் பிரச்சினை என்றால் சேனல் 1 கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கைபேசியை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். அதுவும் கேட்கவில்லை. இதோடு சாட்டிலைட் மேலிருந்த சந்தேகம் முழுதாக விலகியது. ஏஎம், எஃப்எம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை என்பதுதான் உண்மையான அறிகுறி.

இந்தக் காரில் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதை எழுப்ப ரேடியோவிலிருந்து ஒரு வயர் போக வேண்டும். ரேடியோவில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு வயர்கள் உண்டு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு. ரேடியோ எரியும்வரை அதில் 12 வோல்ட் இருக்கும். வெறும் நீலம், தானாக உயரும் பழைய வகை எஃப்எம் ஆன்டெனாவுக்கு. பல ரேடியோக்களில் ஏஎம், எஃப்எம் கேட்கும்போது மட்டுமே அதில் மின்சாரம் வரும். இடைமுகப் பெட்டியிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர் வயர் வெறும் நீலமாக இருந்தது. மேசையில் நிறத்துக்கு நிறம் சேர்த்தபோது அது ஆன்டெனா வயரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. வயர்மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இணைப்பை மாற்றியதும் சாட்டிலைட், ப்ளூடூத் என எல்லா ஒலி மூலங்களும் பாடின.

சந்தாவை மாற்றியது

சந்தா பழைய ரேடியோவின் அடையாள எண்ணில் இருந்தது. புது எண்ணைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். உயிர்ப்பிக்கும் குறியும் செயற்கைக்கோள் வழியாகவே வருவதால், வானம் தெரியும் இடத்தில் ரேடியோவை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கராஜுக்குள் உட்கார்ந்து காத்திருந்தால் வராது. சில நிமிடங்களில் மற்ற சேனல்கள் திறந்தன. பழைய எண் நிறுத்தப்பட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆன்டெனாவின் இடம்

கூரைமேல் வைக்க உரிமையாளருக்கு மனமில்லை, அழகு கெடும் என்று. அதனால் முன்கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள். கார் தெற்கு நோக்கி நிற்கும்போது பரவாயில்லை. வடக்கு நோக்கித் திருப்பியதும் கூரையே வானத்தை மறைத்தது, கோடுகள் பாதிக்குக் கீழே இறங்கின. கிளீவ்லாண்டுக்குப் போகும் திசையே வடக்கும் வடகிழக்கும்தான். ஆகவே கூரையின் பின்பகுதியில், விளிம்பிலிருந்து தள்ளி வைத்தார்கள். அடியில் இரும்புத் தகடு இருந்தால் இந்த ஆன்டெனா நன்றாகப் பிடிக்கும்.

கேபிள் பின் கண்ணாடியின் ரப்பர் ஓரமாக டிக்கிக்குள் இறங்கி, வாசல்படி மூடிக்கு அடியில் முன்னால் வந்தது. மீந்த கேபிளை வெட்டாமல், பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டினார்கள். மடித்து நசுக்கினால் இந்த அலைவரிசையில் இழப்பு அதிகம்.

பின்னர் நடந்தது

அடுத்த பயணங்களில் மேம்பாலங்களின் அடியில் ஒலி அறுபடவில்லை. எச்சரிக்கை மணி வருகிறது, பழையதைவிடக் கொஞ்சம் கீச்சென்று. ஸ்டீரிங் பொத்தான்கள் வேலை செய்கின்றன.

வசந்தகாலத்தில் உட்கூரையை இறக்கிப் பழைய ஆன்டெனாவைக் கழற்றினார்கள். அடியிலிருந்த ரப்பர் வெடித்திருந்தது. கேபிள் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு. நடுக் கம்பி அரித்து அறுந்திருந்தது. ரப்பரை மாற்றித் துடுப்பை அதே இடத்தில் பொருத்தினார்கள். இப்போது அது ஓட்டையை மூடும் மூடி மட்டுமே.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். உரிமையாளர், எதையும் வாங்குவதற்கு முன் பழைய ரேடியோவை வெளியே இழுத்து, கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்திருப்பேன் என்றார். பழைய கார் கிடங்கில் ரேடியோ வாங்குவதானால், பூட்டு உண்டா, திறக்க என்ன செலவு என்பதை முன்பே கேட்டிருப்பாராம். தம்பி, மேசையில் வயர்களை இணைக்கும்போது நிறத்தை விட்டுவிட்டு ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்ப்பேன் என்றார். சட்டகத்தை மூடுவதற்கு முன் எஃப்எம், சாட்டிலைட், ப்ளூடூத் என ஒவ்வொரு மூலத்தையும் ஓடவிடுவதும் அவர் பட்டியலில் இருக்கிறது.

நான் சேர்க்க விரும்புவது காலத்தைப் பற்றி. மழைநாள் செய்தி முதலில் வந்தபோதே கூரை ரப்பரை மாற்றியிருந்தால், ஆன்டெனா பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. திரை மங்கலுக்காக ரேடியோவை எப்படியும் மாற்றியிருப்பார்கள், ஆனால் உட்கூரைக் கறை இந்த அளவுக்குப் பரவியிருக்காது. அதை நீக்க உரிமையாளர் கேட்ட மதிப்பீடு புது ட்யூனரின் விலையைத் தாண்டியது. இப்போதைக்குக் கறையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.